புதுப்பிப்பு: பிக் ஸ்டார் முதல் எல்பி, பூஞ்சையும் கரகரப்பும்

ராயபுரம் வீட்டில் இருந்த, அமெரிக்க ராக் குழு பிக் ஸ்டாரின் ‘நம்பர் ஒன் ரெக்கார்ட்’ (1972, மெம்ஃபிஸ் ஆர்டென்ட் ஸ்டுடியோ) எல்பி இசைத்தட்டில் வெள்ளைப் பூஞ்சை, கழுவியும் கரகரப்பு போகவில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

தப்பு தண்ணீரில்தான். நம்ம பக்கத்து போர் தண்ணீர் உப்பு. காய்ந்ததும் அந்த உப்பு, ஊசி ஓடும் பள்ளத்திலேயே படிந்துவிடுகிறது. பூஞ்சை போன இடத்தில் உப்பு கரகரத்தது.

இந்த முறை 200 மில்லி டிஸ்டில்டு வாட்டர், 50 மில்லி ஐசோப்ரொபைல் ஆல்கஹால், ஒரே ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட். லேபிளில் படாமல் ஊற்றி, 3 நிமிடம் ஊறவிட்டு, மென்மையான பிரஷால் பள்ளத்தின் போக்கிலேயே தேய்க்க வேண்டும், குறுக்கே கூடாது. பிறகு வெறும் டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு தரம் அலசல். சோப்பு மிச்சமிருந்தால் ஊசி முனையில் சாம்பல் நிறப் பிசினாகச் சேரும். நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய அரக்குத் தட்டுக்கு இந்தக் கலவை ஆகவே ஆகாது, ஆல்கஹால் அதைக் கரைத்துவிடும்.

பழைய காகித உறையை எறிந்துவிடுங்கள். பூஞ்சை அங்கிருந்துதான் திரும்ப வரும்.

சோதிக்க இதிலுள்ள ‘தர்ட்டீன்’ பாட்டு போதும். அக்கூஸ்டிக் கிதாரும் குரலும் மட்டுமே, ஒரு சின்ன டிக் கூட ஒளிய இடமில்லை. இப்போது கம்பி மேல் விரல் நகர்வதே கேட்கிறது, அவ்வளவு அழகு! முதல் பக்கக் கடைசிப் பாட்டு ‘தி இந்தியா சாங்’கில் மட்டும் லேசான இரைச்சல் மிச்சம், தட்டின் நடுவை ஒட்டிய உள்வட்டப் பள்ளத்தின் தேய்மானம் கழுவினால் போகாது.