வீடு ஏலத்துக்குப் போகாம தடுத்தவங்க, உங்க அனுபவத்தைச் சொல்லுங்க

திருநகர் வாசகி:
வீட்டுக்கடன் தவணை நின்னா வங்கி சர்ஃபாசி சட்டத்துல நோட்டீஸ் அனுப்பும். 60 நாளுக்குள்ள பாக்கியைக் கட்டச் சொல்றது 13(2), கட்டலைன்னா வீட்டைச் சுவாதீனம் எடுக்குறது 13(4). எங்களுக்கு ரெண்டும் வந்துச்சு. வீட்டுக்காரருக்கு பக்கவாதம், அவர் சம்பளம் நின்னுச்சு, தவணையும் நின்னுச்சு. சுவாதீன அறிவிப்பை கேட் தூண்ல ஒட்ட வந்தது சின்னப் பையன். ஒட்டினதை போட்டோ எடுக்கணுமாம். "அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, படத்துல விழுறீங்க"ன்னான். என் வீட்டு வாசல்ல நான் தள்ளி நின்னேன். இன்னிக்கும் ராத்திரி அதுதான் ஞாபகம் வருது.

அப்புறம் வங்கிக்கு எழுதிக் குடுத்து, சம்மதம் வாங்கி, நாங்களே ஆள் பாத்து வித்தோம். வாங்கினவர் பாக்கி முழுசையும் நேரா லோன் கணக்குல கட்டினார். மூலப்பத்திரம் வந்துச்சு, பத்திரத்தை அடமானம் வச்சதுக்குப் போட்ட எம்.ஓ.டி. பதிவு தீர்ந்துச்சுன்னு ரசீதும் பதிவாச்சு, மீதிப் பணம் எங்க கைக்கு வந்துச்சு. அதை வச்சுத்தான் அவர் மருத்துவம் நடக்குது.

ஓசூர் அப்பா:
நான் 13(2) வந்த உடனே பதில் எழுதினேன். அந்த 60 நாளுக்குள்ள நாம எழுத்துல ஆட்சேபம் குடுத்தா, 15 நாள்ல வங்கி பதில் சொல்லியாகணும். பாக்கியை அசலோட சேர்த்து காலத்தை நீட்டச் சொல்லிக் கேட்டேன். மேனேஜர் என் வயசைக் கேட்டார். ரிட்டயர்மென்ட் கிட்ட வந்துட்டதால, சம்பாதிக்கிற இன்னொருத்தர் சேரணும்னார். பையன் அப்பதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஒரு வார்த்தை கேக்காம பக்கம் பக்கமா கையெழுத்துப் போட்டான். வீடு தங்கிருச்சு. அவன் குனிஞ்சு கையெழுத்துப் போட்ட அந்தத் தலையைத்தான் மறக்க முடியல.

கோவை ராஜா:
வாசகி அக்கா, வித்திருக்கவே கூடாது. 13(4) வந்தா 45 நாளுக்குள்ள டி.ஆர்.டி.ல, அதாவது கடன் மீட்புத் தீர்ப்பாயத்துல, வங்கியை எதிர்த்து 17-ஆம் பிரிவு மனு போடலாம். சென்னை, கோவை, மதுரைன்னு மூணு ஊர்லயும் இருக்கு, உங்களுக்கு மதுரை பக்கத்துலயே. நோட்டீஸ்ல தொகை சரியா இருக்கா, ரெண்டு பேப்பர்ல போட்டாங்களா, அதுல ஒண்ணு தமிழ்ப் பேப்பரா, எல்லாம் பாக்கணும். கடன் கணக்கு ஸ்டேட்மென்ட் கேட்டு வாங்கணும், அபராதக் கட்டணத்தை வரி வரியா சரிபாக்கணும். நோட்டீஸ் வந்த கவரைக்கூட தூக்கிப் போடாதீங்க, தேதி முத்திரை சாட்சியாகும். நில மதிப்பீட்டை நீங்க தனியா ஒருத்தர வச்சு எடுங்க, வங்கி ஆள் குறைச்சுத்தான் போடுவார். என் மாமாவுக்கு இப்படித்தான் தடை கிடைச்சது.

அம்பத்தூர் தங்கச்சி:
ராஜா அண்ணா, தடை கிடைச்சதோட கதையை நிறுத்திட்டீங்களே. எங்க அண்ணனுக்கும் கிடைச்சது. பாக்கியில ஒரு பகுதியைக் கட்டுனாத்தான் தடைன்னு நிபந்தனை. அந்தப் பணம் இருந்தா நோட்டீஸே வந்திருக்காதே! வழக்கு நடக்க நடக்க வட்டியும் ஏறுது. இன்னொண்ணு, 2016 சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஏல அறிவிப்பு வெளிவர்றதுக்கு முன்னாடி முழுப் பாக்கியையும் கட்டுனாத்தான் வீட்டை மீட்க முடியும். 2023-ல சுப்ரீம் கோர்ட்டும் அதைத்தான் உறுதி பண்ணுச்சு. ஏலத்தன்னிக்குக் காலைல பணத்தோட ஓடலாம்னு யாரும் நம்பி இருக்காதீங்க. அக்கா செஞ்சது சரி.

அண்ணன் கடைசியில ஓ.டி.எஸ்.க்குப் போனான், அதாவது வங்கியோட பேசி குறைச்ச ஒரு தொகையைக் கட்டி கணக்கை முடிக்கிறது. அது நம்ம உரிமை இல்ல, வங்கி மனசு வச்சாத்தான். பேசி முடிச்ச தொகைக்கு அண்ணி தாலிக்கொடியைக் கழட்டி மேஜை மேல வச்சாங்க. எங்கம்மா உடனே தன் கழுத்துல இருந்த மஞ்சக்கயித்தைத் தொட்டுப் பாத்துக்கிட்டாங்க. ஏன்னு தெரியல, எனக்கு அதுதான் தாங்க முடியல.

வீடு இருக்கு. ஆனா கடன் வரலாறு காட்டுற சிபில் அறிக்கைல, முழுசா கட்டாம பேசி முடிச்சதுன்னு அர்த்தம் வர்ற "செட்டில்டு"ன்னு நிக்குது, எந்த வங்கியும் அவனுக்குக் கடன் தரமாட்டேங்குது. வங்கி விட்டுக்குடுத்த மீதியையும் பிறகு கட்டி அதை "க்ளோஸ்டு"ன்னு மாத்த வச்சவங்க யாராவது இருக்கீங்களா? எந்தக் கடிதத்தை வங்கியில கேட்டு வாங்கணும்?