மருதமரத்துப் பொந்து

அக்கா, 6.12: மாமா, போன மாரியில் நம் பின்வளவுக் குளத்தில் ஏழெட்டுக் காட்டுத்தாராக்கள் இறங்கின. இம்முறை மழை தொடங்கியும் ஒன்றையும் காணவில்லை. மகன் தினமும் பாண் துண்டுகளை எறிந்துவிட்டுக் காத்திருக்கிறான்.

மண்டூர் மாமா, 6.20: முதலில் பாணை நிறுத்தச் சொல், மகள். அதில் சத்தில்லை, ஊறி அழுகித் தண்ணீரையும் நாறடிக்கும். குளத்தைப் படம் எடுத்து அனுப்பு.

அக்கா, 6.24: [புகைப்படம்]

மண்டூர் மாமா, 6.25: கரையில் நின்ற பன்புல் எங்கே?

அக்கா, 6.26: பாம்பு அண்டும் என்று புரட்டாதியில் எல்லாவற்றையும் வெட்டிவிட்டோம்.

மண்டூர் மாமா, 6.33: பிழை அங்கேதான். நீ சொல்வது சீழ்க்கைச் சிறகி. இரவில் வயலில் மேயும், பகலில் மறைவில் ஒதுங்கும். வீட்டுப் பக்கக் கரையைத் துப்புரவாக வைத்துக்கொள். எதிர்க்கரையில் பன்னும் ஆம்பலும் தழைக்கட்டும். அங்கே கரையை மண்வெட்டியால் சரித்து முழங்காலளவு தண்ணீர் நிற்கவிடு. நெல்மணி, புல்விதை, நத்தை, புழு எல்லாம் அதுவே தேடித் தின்னும். களைநாசினி அடித்த வயல் தண்ணீரை மட்டும் உள்ளே விடாதே. நாயைக் கட்டிவை.

அம்மா, 6.41: தம்பி, குளத்தடிப் பட்ட மருதமரத்தை விறகுக்குத் தறிக்க ஆள் சொல்லியிருக்கிறேன். அதில் கிளி இருந்த பெரிய பொந்து ஒன்று உண்டு.

மண்டூர் மாமா, 6.42: தறிக்காதீர்கள் அக்கா! சிறகி மரப்பொந்திலும் முட்டையிடும். 1978 நவம்பர் சூறாவளி நம் பக்கத்துப் பழைய மரங்களை எப்படி முறித்துப் போட்டது என்று உங்களுக்குத் தெரியும். பொந்து விழும் அளவுக்கு ஒரு மரம் முதிர எத்தனை காலம் வேண்டும்!

தம்பி, 6.50: முட்டையை எடுத்து நம் கோழிக்கு அடைவைத்தால் என்ன மாமா?

மண்டூர் மாமா, 6.58: வேண்டவே வேண்டாம். சட்டப்படியும் குற்றம். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கின்ற பறவை அது. போன வருடம் எங்கள் வாய்க்காலில் பார்த்தேன்: முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நடுவில் கறுப்பும் வெள்ளையுமாக ஒன்பது குஞ்சுகள். பருந்தின் நிழல் விழுந்ததும் ஒன்பதும் முக்குளித்துவிட்டன. அப்படியே நின்றுவிட்டேன்.

அம்மா, 7.15: மரம் தறிப்பவரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா, மாலை 6.37: மாமா! இப்போதுதான் கூரைக்கு மேல் சீழ்க்கை கேட்டது. குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வயல் பக்கம் போய்விட்டன.

மண்டூர் மாமா, 6.38: விடியமுன் திரும்பும். பின்வளவு லைட்டை அணைத்துவிடு, மகள்.