கோல்ட் ஃப்ரேமில் ரெமிங்டன் ராண்ட் ஸ்லைடு: என் 1911 ஒட்டுப்போட்டதா?

கேள்வி

வணக்கம். பல வருடம் ஆசைப்பட்டு முதல் 1911 துப்பாக்கியை (பழைய அமெரிக்க ராணுவக் கைத்துப்பாக்கி) வாங்கிவிட்டேன். நிதானமாகப் பார்த்தபோதுதான் குழப்பம் வந்தது. ஃப்ரேம் (பிடியோடு சேர்ந்த அடிச்சட்டம்) கோல்ட் (Colt) நிறுவனத்தினது, அதன் இடப்பக்கம் 'யுனைடெட் ஸ்டேட்ஸ் பிராப்பர்ட்டி' என்று இருக்கிறது. ட்ரிகருக்குப் பின்னால் விரலுக்கான செதுக்கல் இல்லை. ஆனால் ஸ்லைடில் (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகம்) ரெமிங்டன் ராண்ட், சிராக்யூஸ் என்று பொறித்திருக்கிறது! மொத்தமும் ஒரே சாம்பல் நிறம், பிடிகள் பழுப்பு பிளாஸ்டிக். கிடைத்ததைக் கோத்து என் தலையில் கட்டிவிட்டார்களா? நீல மெருகு ஏற்றி, கோல்ட் ஸ்லைடு தேடிப் போடலாமா?

பதில் 1

தயவுசெய்து மெருகைத் தொடாதீர்கள். ஏற்றிவிட்டால் பழையதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

உங்கள் ஃப்ரேம் பழைய எம்1911. அந்தச் செதுக்கல், குட்டை ட்ரிகர், நீண்ட கிரிப் சேஃப்டி (பிடியின் பின்புறப் பாதுகாப்புப் பூட்டு), வளைந்த மெயின்ஸ்பிரிங் ஹவுசிங் (அதற்குக் கீழே உள்ள பாகம்) எல்லாம் 1924 வாக்கில் வந்த மாற்றங்கள். எம்1911ஏ1 என்ற பெயர் 1926இல் வந்தது. ஸ்லைடோ இரண்டாம் உலகப் போர்க் காலத்தது. ரெமிங்டன் ராண்ட் தட்டச்சுப் பொறி செய்துகொண்டிருந்த நிறுவனம். போருக்காக 8 லட்சத்துக்கும் மேல் இந்தத் துப்பாக்கியைச் செய்துகொடுத்தது.

இரண்டும் ஒன்றுசேர்ந்ததில் மோசடி இருக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் ராணுவப் பட்டறைகளில் துப்பாக்கிகளை மொத்தமாகக் கழற்றுவார்கள். நல்ல பாகங்களை, யார் செய்தது என்று பார்க்காமல், கோத்து, பார்க்கரைசிங் (துருவைத் தடுக்கும் பாஸ்பேட் பூச்சு) செய்து திரும்ப அனுப்புவார்கள். உங்கள் சாம்பல் நிறம் அதுதான். ஃப்ரேமில் ஆர்ஐஏ (ராக் ஐலண்ட்), ஏஏ (ஆகஸ்டா), எஸ்ஏ (ஸ்பிரிங்ஃபீல்ட்) என்று ஏதாவது பட்டறை முத்திரை இருக்கிறதா பாருங்கள்.

பதில் 2

ஒன்று சேர்க்கிறேன். தனியாரும் பார்க்கரைசிங் செய்வது உண்டு, நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருந்தால் யாரோ பாலிஷ் போட்டிருக்கிறார்கள்.

என்னிடம் 4 இருக்கின்றன. அதில் ஒன்றுதான் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருப்பது. ஆனாலும் எனக்கு ரொம்பப் பிடித்தது கோல்ட் ஃப்ரேம், இத்தாக்கா ஸ்லைடு, ஹை ஸ்டாண்டர்ட் பேரல் (குழல்) என்று மூன்று நிறுவனங்களின் பாகம் கலந்த ஒன்றுதான். இரண்டு போர்களின் இரும்பு ஒரே கைப்பிடியில். அதில் கோல்ட் ஸ்லைடு போட எனக்கு மனமே வராது.

கேட்டவர்

மேகசினை எடுத்து, சேம்பர் காலி என்று உறுதிசெய்துவிட்டு விளக்கடியில் பார்த்தேன். ஆர்ஐஏ இருக்கிறது! எழுத்துகளும் கூர்மையாகத்தான் இருக்கின்றன. மனம் லேசானது. இன்னொன்று: ஸ்லைடின் வலப்பக்கம் பொடிப்பொடியாகத் துருப் புள்ளிகள். பழைய தோல் உறையிலேயே இருந்து வந்தது.

பதில் 1

அந்த உறைதான் காரணம். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், பதனிட்ட ரசாயனமும் இரும்பை அரிக்கும். இன்றே வெளியே எடுங்கள். துப்பாக்கி எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிட்டு, மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். ஒரே தடவையில் போகாது, திரும்பத் திரும்பச் செய்யுங்கள். உப்புத்தாளும் கம்பி பிரஷும் வேண்டவே வேண்டாம், பார்க்கரைசிங்கும் சேர்ந்து போய்விடும். புள்ளி போன இடத்தில் சின்னக் குழி தெரிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். பெட்டியில் சிலிக்கா ஜெல் போடுங்கள். உறையைத் தூக்கி எறியாமல் தனியாக வையுங்கள், அதுவும் சேகரிப்புதான்.

கேட்டவர்

எடுத்துவிட்டேன், எண்ணெயும் தடவியாயிற்று. பிளாஸ்டிக் பிடிகளும் அப்படியே இருக்கட்டும். அடுத்து பேரல் முத்திரையைப் பார்த்துப் படம் போடுகிறேன்.