பார்வதிபுரம் 1957: வி. வி. கிரி தோற்றது எப்படி?

கேள்வி:
1957 மக்களவைத் தேர்தலில் ஆந்திரத்தின் பார்வதிபுரம் இரட்டை உறுப்பினர் தொகுதி. ஒரு இடம் பழங்குடியினருக்கு, மற்றது பொது. 1952 முதல் எம்.பி.யாகவும் 1954 வரை மத்திய தொழிலாளர் அமைச்சராகவும் இருந்த கிரி காங்கிரஸ் சார்பில் நின்றார். பழங்குடி அல்லாத வேட்பாளர்களில் அவருக்கே அதிக வாக்கு. பொது இடம் ஏன் அவருக்குக் கிடைக்கவில்லை?

பதில் 1:
பொது இடம் என்றால் பழங்குடி அல்லாதோருக்கான இடம் என்று எடுத்துக்கொள்வதில்தான் சிக்கலே. அன்றைய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 54ஆம் பிரிவின்படி, ஒதுக்கீட்டுக்குத் தகுதியானவர்களில் முதலில் வந்தவருக்கு முதலில் ஒதுக்கீட்டு இடம் போகும். அவரை விலக்கிவிட்டு, மீதி எல்லாரையும் ஒரே வரிசையில் வைத்து அதிக வாக்குப் பெற்றவருக்குப் பொது இடம்.

எண்களைப் பாருங்கள்:
பி. சத்தியநாராயணா 1,26,792
டி. சூரி தோரா 1,24,604
வி. வி. கிரி 1,24,039

முதல் இருவரும் ஒதுக்கீட்டு இடத்துக்கு வேட்புமனு செய்தவர்கள். சத்தியநாராயணாவுக்கு ஒதுக்கீட்டு இடம். மிச்சத்தில் முதல் ஆள் சூரி தோரா, ஆகவே பொது இடம் அவருக்கு. கிரி தோற்றது 565 வாக்கில்.

பதில் 2:
அந்த 565ஐ 565 பேர் என்று படிக்கக் கூடாது. இங்கே ஒரு வாக்காளருக்கு இரண்டு வாக்கு. இரண்டையும் ஒரே வேட்பாளருக்குத் தர முடியாது. ஆனால் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு வரலாம். சூரி தோராவுக்குப் போன இரண்டாம் வாக்கை 283 பேர் கிரிக்கு மாற்றியிருந்தால் முடிவே மாறியிருக்கும். இரட்டைத் தொகுதியில் கட்சிகளுக்கு இருந்த பெரிய தலைவலி இதுதான்: ஆதரவாளர்கள் இரண்டு வாக்கையும் தங்கள் இரு வேட்பாளருக்கே போட வேண்டும். இரண்டாவதை வெளியாளுக்குப் போட்டால் சொந்த வேட்பாளரையே வீழ்த்தக்கூடும். ஒருவருக்கு இரண்டு வாக்கு என்பதால் பதிவான வாக்குகளைக் கூட்டி வாக்களித்தோர் சதவீதம் கணக்கிடுவதும் தவறு.

பதில் 3:
இந்த முடிவை எதிர்த்து கிரி தொடுத்த வழக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கிரி தரப்பின் வாதம் இரண்டு. ஒதுக்கீட்டு இடத்துக்கு மனு செய்தவர் பொது இடத்தைப் பெற முடியாது என்பது ஒன்று. சூரி தோரா தன்னை சத்திரியர் என்று சொல்லிக்கொண்டதால் பழங்குடி அல்ல என்பது மற்றொன்று. 1959இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் இரண்டையும் ஏற்கவில்லை. முதல் வாதத்தை மறுத்ததுதான் எனக்கு மிகச் சரியாகப் படுகிறது: அந்தத் தொகுதியில் இரண்டு தனித்தனிப் போட்டி நடக்கவே இல்லை. பழங்குடி என்ற உறுதிமொழியைச் சேர்த்து மனு செய்தவர் ஒதுக்கீட்டு இடத்துக்கான கூடுதல் தகுதியைப் பெறுகிறார், பொது இடத்துக்கான உரிமையை இழப்பதில்லை.

1961இல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளைச் சட்டம் இயற்றி ஒழித்தார்கள். 1962 பொதுத்தேர்தலில் எல்லாமே ஒற்றை உறுப்பினர் தொகுதிகள்.