கே.எம். பஷீர் நினைவுநாளில் என்ன பேசுவது?

நாஞ்சில் நிருபன்:
நண்பர்களே, ஆகஸ்ட் 3 நெருங்கினாலே எங்களுக்கு பஷீர் நினைவுதான். திருவனந்தபுரத்தில் 'சிராஜ்' மலையாள நாளிதழின் ப்யூரோ சீஃப், திரூர்க்காரர். 2019இல் அந்த இரவு கொல்லத்தில் ஒரு கூட்டத்தை முடித்துவிட்டு திருவனந்தபுரம் திரும்பி, ஒரு மணி வாக்கில் பைக்கில் போய்க்கொண்டிருந்தவரை மியூசியம் பகுதியில் ஒரு கார் அடித்துவிட்டது. வயது 35. மனைவி, இரண்டு சின்னப் பெண் குழந்தைகள். காரை ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் ஓர் இளம் ஐஏஎஸ் அதிகாரி, மூணாறு ஆக்கிரமிப்புகளை அகற்றியபோது செய்தியாளர்களே தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய மனிதர். அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை.

நாகர்கோவிலில் நாங்கள் சிலர் சேர்ந்து சின்னதாக ஒரு கூட்டம் வைக்கிறோம். படம் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி, நல்ல மனிதர் என்று நாலு வார்த்தை சொன்னால் போதும், வழக்கெல்லாம் எதற்கு என்கிறார்கள் சிலர். எனக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. ஆனால் வழக்கைப் பற்றி வாயைத் திறந்தாலே, "ரத்தப் பரிசோதனையில் மதுவே இல்லையே, அப்புறம் எப்படிக் குடிபோதை என்கிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது?

இரவு டியூட்டி டாக்டர்:
சார், அந்த ரத்தம் எப்போது எடுக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள். விபத்து நடந்து சுமார் ஒன்பது மணி நேரம் கழித்து. சாதாரணமாக நம் உடம்பு 100 மில்லி ரத்தத்தில் மணிக்கு 15 மில்லிகிராம் அளவுக்கு மதுவைக் கரைக்கும், சிலருக்கு 20கூட இருக்கும். சட்டம் அனுமதிக்கும் உச்சம் 30. அதைப்போல நாலு மடங்கு, அதாவது 120 இருந்தவருக்குக்கூட எட்டு மணி நேரத்தில் ஒன்றும் மிஞ்சாது. அதனால் காலையில் எடுத்த ரத்தத்தில் மது இல்லை என்பதை வைத்து ராத்திரி ஒரு மணிக்கு என்ன நிலை என்று சொல்லவே முடியாது. அவர் குடித்திருந்தார் என்றும் அது சொல்லாது, குடிக்கவில்லை என்றும் சொல்லாது. மீதி இருப்பது சாட்சிகள் சொன்னதும், முதலில் பார்த்த அரசு மருத்துவமனை டாக்டர் மது வாசனை இருந்ததாகக் குறித்து வைத்ததும்தான்.

இதில் கஷ்டமான வேலை ஒன்றும் இல்லை. போலீஸ் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், ஸ்பிரிட் தொடாமல் தோலைத் துடைத்து, சோடியம் ஃப்ளோரைடு போட்ட குழாயில் ரத்தம் எடுத்து சீல் வைப்போம், பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அந்தத் தாள் வராமல் போவதை நானே பார்த்திருக்கிறேன், கூட வந்திருப்பவர் பெரிய இடம் என்றால் காவலர் வாசலில் போனில் பேசிக்கொண்டே நிற்பார். எனக்கு இன்றும் ஆத்திரம் வருவது அதற்குத்தான்.

வஞ்சியூர் வக்கீல்:
டாக்டர் சொன்னது வழக்கின் கழுத்தையே பிடித்துவிட்டது. அப்போது இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தில் 304ஏ பிரிவு என்றால் அஜாக்கிரதையால் மரணம், அதிகபட்சம் இரண்டு வருடம். 304 இரண்டாம் பகுதி என்றால் பத்து வருடம் வரை போகலாம், ஏனென்றால் குடித்துவிட்டு இப்படி ஓட்டினால் ஆள் சாகும் என்று தெரிந்தே ஓட்டியதாகப் பொருள். 2022 அக்டோபரில் செஷன்ஸ் கோர்ட் 304ஐ நீக்கிவிட்டது. 2023 ஏப்ரலில் ஹைகோர்ட் அதைத் திரும்பக் கொண்டுவந்தது. அதே ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் தலையிட மறுத்துவிட்டது. குற்றச்சாட்டு எந்தப் பிரிவில் என்று முடிவாகவே நாலு வருடம்!

மும்பை கார்ட்டர் ரோட்டில் 2006இல் நடைபாதையில் தூங்கிய தொழிலாளர்கள் மேல் கார் ஏறி ஏழு பேர் இறந்த வழக்கில் 304 இரண்டாம் பகுதியை 2012இல் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்தது. அங்கே ரத்தத்தில் மது இருந்தது பரிசோதனையில் பதிவாகியிருந்தது. இங்கே அப்படி ஒரு பரிசோதனை முடிவு நம் கையில் இல்லை. நிருபன் தம்பி, கூட்டத்தில் ஒன்று மட்டும் கவனம். "கொலைகாரன்" என்று யாரும் மைக்கில் பேச வேண்டாம், தீர்ப்பு சொல்வது கோர்ட்டின் வேலை. தாமதத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், அதை யாராலும் மறுக்க முடியாது.

குழித்துறை கேபிள் டிவி:
அண்ணே, நான் லோக்கல் சேனலில் ஸ்டிரிங்கர். நியூஸ் ஒன்றுக்கு இவ்வளவு என்றுதான் காசு, பி.எஃப். கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது. தேர்தல், திருவிழா, தீ விபத்து எதுவானாலும் ஃபுட்டேஜ் அனுப்பிவிட்டு பைக்கை எடுக்கும்போது நடுச்சாமம் ஆகிவிடும், அந்த நேரத்தில் ரோட்டில் எதிரே வருகிறவன் எந்த நிலைமையில் வருகிறான் என்று யாருக்குத் தெரியும்? பஷீர் மனைவிக்குத் திரூர் மலையாளப் பல்கலைக்கழகத்தில் அரசு வேலை கொடுத்தது நல்ல காரியம். எங்களில் ஒருத்தன் போனால் அதற்கும் வழியில்லை. 2022இல் அந்த அதிகாரியை ஆலப்புழை கலெக்டராகப் போட்டபோது கேரளத்தில் எல்லாரும் தெருவுக்கு வந்தார்கள், சில நாளிலேயே மாற்றினார்கள். அந்தச் சத்தம் இல்லாமல் இருந்திருந்தால் மாற்றியிருப்பார்களா? அதனால் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் பேசவும் வேண்டும் என்பேன். பஷீரின் செல்போன் அந்த இரவில் காணாமல் போனதையும் சொல்லுங்கள்.

நாஞ்சில் நிருபன்:
எல்லாருக்கும் நன்றி. முதலில் அஞ்சலி, அப்புறம் டாக்டர் சார் அந்த ஒன்பது மணி நேரத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசட்டும். சார், வர முடியுமா? மாவட்ட எஸ்.பி.க்கு ஒரு மனுவும் எழுதலாம் என்றிருக்கிறேன், மரணம் நடந்த விபத்து என்றால் ஓட்டுநர் யாராக இருந்தாலும் உடனே ரத்தம் எடுக்கக் கேட்க வேண்டும் என்று. வக்கீல் அண்ணன் வாசகத்தைப் பார்த்துக் கொடுத்தால் கூட்டத்திலேயே கையெழுத்து வாங்கிவிடுவேன்.