கனடாவில் முதல் மாதங்கள்: பெட்டிகளை எந்த வரிசையில் பிரிப்பது?

குழந்தைகளோடு ஒன்டாரியோவுக்கு வந்து, கூடம் முழுக்க அட்டைப்பெட்டியை அடுக்கி வைத்துக்கொண்டு எங்கே தொடங்குவது என்று நிற்கிற குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் திருச்சியிலிருந்து அக்டோபரில் வந்தோம். கப்பலில் போட்ட 28 பெட்டிகள் வந்து சேர ஒன்பது வாரம் ஆனது.

இன்னும் கிளம்பாதவர்களுக்கு முதலில் ஒன்று. பின்னால் வரப்போகும் சாமான்களின் பட்டியலை விமானத்தில் வந்து இறங்கும் அன்றே சுங்க அதிகாரியிடம் கொடுத்துவிடுங்கள். படிவத்தின் பெயர் பி.எஸ்.எஃப் 186. அன்று கையில் அந்தச் சாமான்கள் இல்லை என்றாலும் கொடுக்க வேண்டும். நீங்கள் அங்கே வைத்துப் புழங்கிய பொருட்கள் பிறகு வரி இல்லாமல் வெளியே வருவதற்கு அந்தப் பட்டியல்தான் ஆதாரம். அதில் எழுதும் பெட்டி எண்ணையே பெட்டியின் நான்கு பக்கமும் எழுதுங்கள். எந்தப் பெட்டியை முதலில் பிரிக்க வேண்டும் என்பதையும் பின்னால் அதுவே சொல்லிவிடும்.

சரி, பெட்டி வந்துவிட்டது. மேலே இருப்பதை முதலில் பிரிக்கலாம் என்றுதான் தோன்றும். அப்படிச் செய்ய வேண்டாம். அன்று இரவு யார் எங்கே தூங்குவார்கள், காலையில் என்ன சாப்பிடுவார்கள் என்று யோசித்து அதற்கான பெட்டியைத் தேடி எடுங்கள். குழந்தைகளின் படுக்கையும் அவர்கள் கட்டிப்பிடித்துத் தூங்குகிற போர்வையும் முதல் நாளே வெளியே வரவேண்டும். எங்கள் சின்னவள் தன் பழைய போர்வை வந்த அன்றுதான் நடுவில் எழாமல் தூங்கினாள்.

பத்திரங்களைக் கப்பலில் போடாதீர்கள், கைப்பையில் வரட்டும். குறிப்பாகக் குழந்தைகளின் தடுப்பூசி அட்டை. ஒன்டாரியோவில் அந்த விவரங்களை வட்டாரப் பொதுச் சுகாதார அலுவலகத்தில் பதிவது பெற்றோரின் பொறுப்பு.

அடுத்தது சமையலறை. இங்கேதான் மனசு அதிகம் அடிபடும். ஊரில் 230 வோல்ட், இங்கே சுவரில் 120 வோல்ட். கடையில் கிடைக்கும் அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும், மின்னழுத்தத்தை மாற்றாது. நான் என் மிக்ஸியை அப்படிச் செருகித் தேங்காய் அரைத்தேன். பிளேடு சோம்பலாகச் சுற்றியது, தேங்காய் துருவலாகவே கிடந்தது. மிக்ஸி, கிரைண்டர், இண்டக்ஷன் அடுப்பு மூன்றையும் ஊரிலேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள். ஸ்கார்பரோ, மிசிசாகா பக்கத் தமிழ்க் கடைகளில் இங்குள்ள மின்சாரத்துக்கு ஏற்ற, 110 வோல்ட் என்று எழுதிய மிக்ஸியும் கிரைண்டரும் கிடைக்கின்றன. போன், லேப்டாப் சார்ஜரில் 100-240 என்று அச்சிட்டிருந்தால் கவலை இல்லை.

பல வீடுகளில் அடுப்பு மேல்தட்டு கண்ணாடியாக இருக்கும். அடி புடைத்த தோசைக்கல் அதில் படிந்து உட்காராது. நடு கருகும், ஓரம் வேகாது. தட்டை அடி உள்ள கல்லாகப் பார்த்துக் கொண்டுவாருங்கள். இரும்புக் கல்லை அதன்மேல் இழுக்காமல் தூக்கி வையுங்கள், கண்ணாடியில் கீறல் விழுந்துவிடும். குக்கர் கேஸ்கெட் கூடுதலாக இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். எல்லாப் பாத்திரத்தையும் ஒரே நாளில் அடுக்கவேண்டியதில்லை. அஞ்சறைப்பெட்டி, ஒரு குக்கர், ஒரு கடாய், நான்கு தட்டு போதும். இரண்டு வாரம் சமைத்தால் கை எந்த அலமாரிக்குப் போகிறது என்று தெரிந்துவிடும், அப்புறம் மற்றதை அடுக்கலாம்.

சாமி படம் மாட்டுவது பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இங்கே உள்சுவர் பெரும்பாலும் செங்கல் இல்லை, ஜிப்சம் பலகை. தட்டினால் டொக் டொக் என்று வெற்றொலி கேட்கும். அத்தை கொடுத்தனுப்பிய முருகன் படம், தேக்குச் சட்டம், நல்ல கனம். வெறும் ஆணியில் மாட்டினேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் ஆணியோடு பெயர்ந்து விழுந்தது. கண்ணாடி நொறுங்கிவிட்டது, படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று அழுதுவிட்டேன். பலகைக்குப் பின்னால் பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒரு மரச்சட்டம் நிற்கும். கனமான எதையும் அதில்தான் திருகாணி போட்டு மாட்டவேண்டும். சட்டத்தைக் கண்டுபிடிக்கும் சிறு கருவி வன்பொருள் கடையில் கிடைக்கும். இழுப்பறை அலமாரிகளையும் அதே சட்டத்தோடு பிணைத்துவிடுங்கள். குழந்தை இழுப்பறையைப் படிபோல இழுத்து ஏறினால் அலமாரி அப்படியே அதன்மேல் சாயும். வாடகை வீடு என்றால் துளை போடும் முன் உரிமையாளரிடம் கேட்டுவிடுங்கள்.

பூஜை இடத்தைப் புகை அலாரத்துக்குத் தள்ளி, ஜன்னல் பக்கமாக வையுங்கள். சாம்பிராணிக்கு அது அலறும் என்று பேட்டரியைக் கழற்றிவிடாதீர்கள். ஒன்டாரியோவில் அது சட்டப்படி குற்றம். சட்டத்தை விடுங்கள், இவை மரச்சட்ட வீடுகள், தீ வேகமாகப் பரவும்.

வாசலைப் பெரும்பாலும் கடைசியில்தான் கவனிக்கிறோம். நவம்பருக்குள் அது தயாராகவேண்டும். பனிக்காலத்தில் தெருவில் தூவுகிற உப்பு பூட்ஸோடு உள்ளே வந்து தரையில் வெள்ளை வெள்ளையாகக் காயும். விளிம்பு உயர்ந்த ரப்பர் தட்டு ஒன்றை வாசலில் போட்டு, பூட்ஸ் அதில்தான் என்று பழக்குங்கள். குழந்தை கைக்கு எட்டும் உயரத்தில் கோட்டு மாட்டக் கொக்கி வையுங்கள்.

பிரிக்காத பெட்டிகள் வீட்டின் கீழே இருக்கும் அடித்தளத்துக்குத்தான் (பேஸ்மென்ட்) போகும். சிமென்ட் தரையில் நேரே வைத்தால் ஈரம் ஏறும், பலகைமேல் வையுங்கள். வீட்டைச் சூடேற்றும் ஃபர்னஸும் வெந்நீர்த் தொட்டியும் கீழேதான் இருக்கும், பலவற்றில் எரிவது கேஸ். அவற்றைச் சுற்றி அட்டையோ துணியோ அடுக்கவே கூடாது. இடம் இல்லை என்றால் படுக்கையறையில் நெருக்கிக்கொள்ளுங்கள், ஃபர்னஸ் இருக்கும் அறையை மட்டும் காலியாக விட்டுவிடுங்கள்.

ஏதாவது உடைந்திருந்தால் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உடைந்த பொருள், உள்ளே கட்டிய விதம், பெட்டி எண் எல்லாம் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். காப்பீட்டில் கேட்கும்போது தேவைப்படும். அதற்கப்புறம் அட்டையைத் தட்டையாக மடித்து, உங்கள் பகுதியில் மறுசுழற்சிக்கு எடுக்கும் நாளுக்கு முந்தைய இரவு வெளியே வைத்துவிடலாம்.