மொய் ரசீதில் 41-ஆம் மாதம்

பெரியப்பா: (படம்)

பெரியப்பா: மொய் ரசீதில் 13-41-2025 என்று இருக்கிறது. காதுகுத்து 14-ஆம் தேதிதானே?

மைதிலி சித்தி: 41-ஆவது மாதமா!

முருகேசன் மாமா: மச்சான் முந்தின நாளே மொய் எழுதிவிட்டார்

பெரியப்பா: ஞாயிறு விடிகாலை 5:11. முதல் ஆள் நான்தான்

கார்த்தி: பெரியப்பா, அது மொய் எழுதின பையனுடைய புரோகிராம் கோளாறு. பைத்தான் என்கிற புரோகிராம் மொழியில் தேதியை எழுத்தாக்க ஸ்ட்ரெஃப்டைம் என்று ஒன்று உண்டு. சதவீதக் குறி போட்டு ஓர் எழுத்து கொடுக்க வேண்டும். சின்ன டி நாள், பெரிய ஒய் நாலு இலக்க வருடம், சின்ன எம் மாதம், பெரிய எம் நிமிடம். பையன் பெரிய எம் போட்டிருக்கிறான்

செல்வி அத்தை: சரிப்பா

பெரியப்பா: 5:11 என்றால் 11 தானே வரணும்?

கார்த்தி: அது இரண்டாவது கோளாறு. சர்வர் கடிகாரம் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். அங்கே அப்போது சனிக்கிழமை இரவு 11:41. ஐந்தரைக்கு முன்னால் எழுதின எல்லாருக்கும் 13-தான் இருக்கும். ஏசியா கொல்கத்தா என்று நேர மண்டலத்தைக் கொடுத்திருந்தால் நாளாவது சரியாக வந்திருக்கும்

மைதிலி சித்தி: எனக்கு 14-02-2025. காதலர் தினம்

முருகேசன் மாமா: என் ரசீது சரியாகத்தான் இருக்கிறது. 14-09-2025

கார்த்தி: மாமா, 9:39-க்கு எழுதினீர்களா?

முருகேசன் மாமா: ஆமா, பந்தி முடிந்து. உனக்கு எப்படித் தெரியும்?

கார்த்தி: யூடிசியில் அது 4:09. நிமிடம் 9, செப்டம்பரும் 9. இப்படிச் சரி மாதிரி தெரிவதுதான் ஆபத்து

செல்வி அத்தை: சாப்பிட்ட பிறகுதான் சிலருக்குப் பை திறக்கும்

முருகேசன் மாமா: செல்வி, ஆரம்பித்துவிட்டாயா

பெரியப்பா: தேதி கிடக்கட்டும். முருகேசன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு நான் வைத்தது 5001. திரும்பி வந்தது 2001

முருகேசன் மாமா: மச்சான், அதைக் குரூப்பில் பேச வேண்டாம்

கார்த்தி: புது ரசீது கேட்போமா? பையனுக்கு யார் போன் செய்வது?

முருகேசன் மாமா: அவனைக் கூட்டி வந்தது செல்வி

செல்வி அத்தை: நான் நம்பர்தான் கொடுத்தேன். பார்க்கலாம். அண்ணே, பெரிய அண்டா உங்கள் வண்டியில் வந்ததா? சமையல்காரர் கேட்கிறார்

பெரியப்பா: மூடி மட்டும் இருக்கிறது